பூந்திக்குப் பல் இல்லை

முப்பத்தொரு வருடச் சேவையில் என்னை நாய் கடித்தது நான்கு தடவை. பிள்ளை கடித்தது ஒரு தடவை. நாய் கடித்த நான்கையும் இடம், நிறம், குணம் எல்லாம் சேர்த்து அலுவலகப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளை கடித்ததற்குப் படிவம் இல்லை. அதனால் அதை இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் புத்தளத்தில், நாய்களுக்கு விசர் நோய்த் தடுப்பூசி போடும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. அந்த வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன் என்று என்னையும் கூப்பிட்டு, ஒரு வடையும் பிளேன்டீயும் தந்து கதிரையில் உட்கார வைத்தார்கள். கேள்வி நேரத்தில் ஒரு தங்கச்சி எழும்பி, "ஜமால் நானா, உங்கட சேர்விஸ்ல உங்களுக்கு ஆகக் கூடின கரச்சல் தந்த நாய் எது?" என்று கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. "பூந்தி" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவர்களெல்லாம் பூந்தியைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

பூந்தியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது தொலைக்காட்சியில் வந்த ஒரு கார்ட்டூன் நாய். எங்கேயோ வெளிநாட்டில் கீறியது, இங்கே தமிழில் பேசியது. கிழமை நாட்களில் பின்னேரம் ஐந்து மணிக்கு வரும். மஞ்சள் நிறம், உருண்டை உடம்பு, ஒரு காது மட்டும் நீலம். இரண்டு காலில் நடக்கும். தலையணை வைத்துக் கட்டிலில் படுக்கும். கேக் தின்னும். பிள்ளைகள் கழுத்தைக் கட்டிப் பிடித்தாலும், வாலைப் பிடித்து இழுத்தாலும், சாப்பிடும்போது தட்டைப் பறித்தாலும் சிரிக்கும். நான் அதை உத்தியோகக் கண்ணால் பார்த்தவன். உண்ணி இல்லை, சொறி இல்லை, எல்லாவற்றிலும் பெரிய குறை, பல் இல்லை. வாயைத் திறந்தால் சிவப்பாக ஒரு நாக்கு மட்டும் தெரியும். காலையில் எழும்பி பிரஷ் எடுத்துப் பல் துலக்குவதாக ஒரு காட்சி தினமும் வரும். எதைத் துலக்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பூந்திக்கு ஒரு எதிரி இருந்தார். அவர் பெயர் வலைமாமா. காக்கிச் சட்டை, முறுக்கு மீசை, நீளத் தடியில் வட்ட வலை, தோளில் ஒரு பெட்டி. நானும் காக்கிச் சட்டை போட்டவன். எனக்கும் மீசை இருந்தது, தடியில் வலை இருந்தது, தடுப்பூசி மருந்து வைக்கும் ஐஸ் பெட்டி தோளில் தொங்கியது. பூந்தி வருவதற்கு எத்தனையோ வருடத்துக்கு முன்பே என் மீசை வந்துவிட்டது என்பதற்கு என்னிடம் கலியாணப் படம் சாட்சி இருக்கிறது. ஒரு பிள்ளைகூட அதைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

வலைமாமா ஒவ்வொரு நாளும் பூந்தியைத் துரத்துவார். பொய்ச் சத்தியம் செய்து பிள்ளைகளை ஏமாற்றுவார். கடைசியில் விழுவார். சேற்றில், சுண்ணாம்புத் தொட்டியில், ஒரு தடவை கலியாண கேக்கில். எதில் விழுந்தாலும் இரண்டு காலும் மேலே தெரியும். உடனே பூந்தி ஓடிவந்து அவர் முகத்தை நக்கும், எல்லோரும் சிரிப்பார்கள், படம் முடியும். இந்த ஒழுங்கு ஒரு நாளும் மாறாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வரவில்லை. என் வாப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். கற்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பிள்ளை நாய் பிடிக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "அதுக்குப் பென்சன் இரிக்கா?" என்று கேட்டார். "இரிக்கி வாப்பா" என்றேன். "அப்ப போ" என்றார். பயிற்சி இரண்டு கிழமை. பிடரியைப் பிடிக்கவும், மருந்தை ஐஸில் வைக்கவும், ஊசியில் காற்றுப் போகாமல் ஏற்றவும் சொல்லித் தந்தார்கள். ஓடச் சொல்லித் தரவில்லை. அது தானாக வந்தது.

எங்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒன்று மண் கரைத்த தண்ணீரில். நாயோடு கோபமில்லை, அது சுத்தத்தின் ஒழுங்கு. என் மனைவி ஹமீதா கிணற்றடியில் எனக்கென்று ஒரு வாளியில் நல்ல மண் வைத்திருப்பாள். நான் கழுவ, அவள் குசினிக்குள் இருந்து சத்தமாக எண்ணுவாள். நாலு, ஐந்து என்று வரும்போது பக்கத்து வீட்டு லாத்தா வேலியால் கூப்பிட்டால் அவளுக்கு எண்ணிக்கை மறந்துவிடும். சந்தேகம் வந்தால் திரும்ப ஒன்றிலிருந்து. பத்தொன்பது தடவை கழுவிய நாளும் உண்டு. இந்த மாவட்டத்திலேயே ஆகச் சுத்தமான கை என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

எனக்கு மேலே இருந்தவர் மிருக வைத்தியர் டொக்டர் சிவபாதம். யாழ்ப்பாணத்து ஆள். மெலிந்தவர், வெள்ளைச் சட்டை, மழை இல்லாத நாளிலும் குடை. சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு பழக்கம். மனிதரை 'நீ' என்பார். நாயை 'நீங்கள்' என்பார். தெருவில் குப்பை கிளறும் நாய்க்கு முன்னால் குந்தி இருந்து, "வாங்கோ ராசா, கனநேரம் மினக்கெடுத்த மாட்டன். ஒரு சின்ன வேலை" என்று சொல்லி ஊசியைக் காட்டுவார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஜமால், பிடி" என்பார். பிள்ளைகளுக்கும் நாய்க்குரிய மரியாதை கிடைக்கும். வளர்ந்தவர்களுக்கு மட்டும்தான் கிடைக்காது.

ஒரு நாள் மனம் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "சேர், நான் உங்களோட பத்து வருஷமா வேல செய்றன். எனக்கு ஒரு 'வாங்கோ' வராதா?"

"நீ விரும்பி வந்தனி" என்றார். "அவர் விரும்பி வரேல்லை."

எங்கள் வேலைக்கு ஒரு முறை இருந்தது. காலையில் முச்சக்கரவண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துப் போவோம். ஆட்கள் தங்கள் நாயைச் சந்திக்குக் கொண்டு வருவார்கள். வாயைத் துணி நாடாவால் இரண்டு சுற்றுச் சுற்றி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டு, ஊசி ஏற்றி, கழுத்தில் சிவப்புப் பட்டி கட்டி, அட்டையில் நாயின் பெயரை எழுதிக் கொடுப்போம். ஆளில்லாத நாய்களுக்குத்தான் வலை. பின்னால் போகக்கூடாது, பக்கவாட்டில் போக வேண்டும். கண்ணைப் பார்க்கக்கூடாது. வலை தலைக்கு மேலால் விழுந்ததும் தடியை அரைச் சுற்றுத் திருப்பினால் வாய் மூடிக்கொள்ளும். வலைக் கண்ணுக்குள்ளாலேயே ஊசி போட்டு, பட்டி கட்டி, விட்டுவிடுவோம். அவ்வளவுதான். ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டு போனதில்லை. இதை நம்பாதவர்கள் எல்லோரும் பத்து வயதுக்குக் கீழே.

பூந்தி வரத் தொடங்கிய பிறகு டொக்டர் எனக்கு இன்னும் மூன்று விதி சொன்னார். பள்ளிக்கூடம் விட முன்னம் வேலையை முடி. தொப்பி போடாதே. பிள்ளைகளுக்கு முன்னால் மீசையைத் தடவாதே. ஏனென்றால் வலைமாமா நாயைப் பிடிக்க முன்னர் மீசையைத் தடவுவார். டொக்டரும் ஐந்து மணிக்கு அந்தப் படத்தைப் பார்க்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

ஒரு கிழமை வலைமாமா பூந்திக்கு ஊசி போட வந்தார். ஊசி தோணித் துடுப்பளவு. குத்தியதும் பூந்தி கூரையைப் பிய்த்துக்கொண்டு நிலாவுக்குப் போனது. அடுத்த நாள் மதுரங்குளிச் சந்தியில் பகல் வரை நின்றோம். ஒரு நாய் வரவில்லை. ஒரு பூனை வந்தது, அதுவும் வழி தவறி.

அன்று பின்னேரம் அந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கோரிக்கை இரண்டு. பூந்திக்குக் குறைந்தது நான்கு பல்லாவது கீற வேண்டும். ஊசியை உள்ள அளவில் காட்ட வேண்டும். பல் எப்படி இருக்கும் என்று விளங்க வேண்டுமே என்று மேலே இரண்டு, கீழே இரண்டாக ஒரு நாய் வாயையும் கீறி இணைத்தேன். டொக்டர் எழுத்துப் பிழை திருத்தி, 'பணிவன்புடன்' சேர்த்தார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. "அன்புள்ள குட்டி நேயர் ஜமால்தீனுக்கு, நீ அனுப்பிய ஓவியம் மிக அழகு! தொடர்ந்து வரைந்து அனுப்பு!" கூடவே பூந்தியின் ஸ்டிக்கர் ஒன்று.

டொக்டர் அதை இரண்டு தடவை வாசித்தார். "ஓவியம் நல்லாத்தான் இருந்தது" என்று சொல்லித் திருப்பித் தந்தார். ஸ்டிக்கரை வீணாக்க மனமில்லாமல் ஐஸ் பெட்டியில் ஒட்டினேன்.

இனி என்னைப் பிள்ளை கடித்த கதைக்கு வருகிறேன்.

நுரைச்சோலையில் களப்புக் கரையோரம் ஒரு மீன்பிடிக் குடியிருப்பு. பாதி முஸ்லிம் குடும்பங்கள், பாதி யுத்த காலத்தில் வன்னியில் இருந்து வந்து தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பங்கள். அங்கே கருவாடு போடும் பிலோமினா அக்காவிடம் ஒரு மஞ்சள் நாய் இருந்தது. பெயர் பூந்தி. அந்தக் காலத்தில் நான் எழுதிய அட்டைகளில் பாதி பூந்தி. ஆனால் இந்தப் பூந்திக்கு மட்டும் அட்டை இல்லை. மூன்று தடவை போயும் நாய் அகப்படவில்லை. நாங்கள் ஒலிபெருக்கியை அணைக்க முன்னம் பிள்ளைகள் அதைக் கொண்டுபோய் ஒளித்துவிடுவார்கள்.

நாலாம் தடவை போன அன்று பள்ளிக்கூட விடுமுறை. பிள்ளைகள் வேலியோரம் வரிசையாக, சத்தமில்லாமல் நின்றார்கள். பிள்ளைகள் சத்தமில்லாமல் நின்றால் எனக்குப் பயம் வரும். அந்த வரிசையில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றது. நுஸ்ரா என்று பெயர். பிலோமினா அக்காவின் பக்கத்து வீடு. மூக்கில் மொய்த்த இலையானை அடிக்கக் கையை எடுத்தபோது கண்டேன். முழங்கைக்குக் கீழே பிளாஸ்டர் இரண்டு துண்டு, ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக ஒட்டியிருந்தது. பிளாஸ்டரைக் குறுக்காக ஒட்டுவது பூந்தியில் மட்டும்தான். அதில் எந்தக் காயத்துக்கும் அப்படித்தான் ஒட்டுவார்கள், அடுத்த காட்சியில் ஆறிவிடும்.

"மகள், கையில என்ன?"

"கம்பி கிழிச்ச" என்றாள் நுஸ்ரா. அதே நேரம் பக்கத்தில் நின்ற பிள்ளை, "முள்ளுக் குத்தின" என்றது.

அந்த இடத்தில் நான் ஒரு பிழை செய்தேன். எந்த நாயையும் முன்னால் போய்ப் பிடிக்காதவன், பதறிப்போய் அந்தப் பிள்ளையின் மணிக்கட்டை முன்னால் போய்ப் பிடித்துவிட்டேன். அவள் கடித்தாள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், விட மனமில்லாமல் கடித்தாள். நான் போட்ட சத்தத்துக்குக் கருவாட்டுப் பந்தலில் இருந்த காகமெல்லாம் பறந்தன.

டொக்டர் குடையை மடக்கி வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார். "தோல் கிழிஞ்சிருக்கு. சவுக்காரம் போட்டுக் கழுவு. பதினைஞ்சு நிமிசம்." பிறகு நுஸ்ராவுக்கு முன்னால் குந்தி இருந்தார். "அம்மா, பதினைஞ்சு நிமிசம் தனிய நிண்டு கழுவினா இவருக்கு அலுத்துப்போம். நீங்களும் துணைக்கு நிண்டு கழுவுவீங்களோ?"

கடித்த கவலையோ என்னவோ, அவள் தலையாட்டினாள். பிலோமினா அக்கா வீட்டுக் குழாயடியில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் நின்று கழுவினோம். டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஈரத்தில் பிளாஸ்டர் கழன்று விழுந்தது. நான்கு புள்ளி. இரண்டு ஆழம். விசர் நோய் வெளியே தெரியத் தொடங்கினால் பிறகு மருந்து இல்லை. அப்படி ஒரு வீட்டில் ஒரு தடவை நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

"பூந்தி எப்ப கடிச்ச?"

"முந்தாநாள்" என்றாள். உடனே திருத்தினாள். "கடிக்கல்ல மாமா. பூந்தி கடிக்காது. அது சிரிச்ச. சிரிக்கக்குள்ள பல்லு பட்டிட்டு."

"சிரிக்கிற நாய்க்குப் பல்லு எங்கால வந்த?"

அவள் சவுக்கார நுரையை விலக்கி நான்கு புள்ளியையும் பார்த்தாள். "அதான் எனக்கும் வெளங்கல்ல" என்றாள்.

அதற்குள் விஷயம் அவளுடைய உம்மாவுக்குப் போய்விட்டது. ஒரு கையில் செருப்பும் மறு கையில் மண்ணும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "நாயத் தொட்டியாடி? ரெண்டு நாளா அந்தக் கையோடயா சோறு திண்ட?" என்று மண்ணைப் பூச வந்தவளை நான் இடையில் மறித்தேன். "தங்கச்சி, காயத்துக்குள்ள மண் போகப்படாது. இப்ப சவுக்காரமும் தண்ணியும்தான். பொறகு ஆஸ்பத்திரி. நான் மௌலவிக்கிட்டக் கேட்டுத்தான் சொல்றன். பத்தொம்பது வருஷம் ஏழு ஏழாக் கழுவின கை இது."

அவள் என் கையைப் பார்த்தாள். அதில் அவள் மகளின் பல் பதிந்திருந்தது. செருப்பைக் கீழே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து அழுதாள்.

பதினைந்து நிமிடம் முடிந்ததும் நுஸ்ராவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கூப்பிட்டோம். அவள் குழாய்க் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "நான் வர மாட்டன். நான் போனா நீங்க பூந்தியப் புடிச்சிட்டுப் போவீங்க."

நாயைக் கண்ணில் காண வேண்டியது எங்களுக்கும் அவசரம். கட்டிவைத்துப் பதினான்கு நாள் பார்த்தால் அதற்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். ஓடிவிட்டால் தெரியாது. அந்த நாய் அங்கே நின்ற பிள்ளைகள் எல்லோரோடும்தான் 'சிரித்து' விளையாடியது. உம்மா மகளைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றாள். டொக்டர் தடுத்தார். "இவவை இழுத்துக்கொண்டு போனா, நாளைக்கு மற்றப் பிள்ளைக்குக் கடிச்சாலும் வாய் திறக்காது. ஜமால், உனக்குப் பத்து நிமிசம்."

நான் பிள்ளைகளிடம் போனேன். "நான் ஊசி மட்டும்தான் போடுவன்" என்றேன்.

"வலைமாமாவும் அப்பிடித்தான் சொன்ன. பாலத்துக் கதையில" என்றது ஒரு பிள்ளை.

"பூந்தி இந்த வீட்டுலயே இரிக்கும். நான் கொண்டு போக மாட்டன்."

"ஐஸ்கிரீம் வேன் கதையில."

"நான் அந்த ஆள் இல்ல புள்ளைகள், கற்பிட்டி ஆள்."

"தாடி ஒட்டிட்டு வந்த கதையில."

நான் சொன்ன உண்மை ஒவ்வொன்றையும் அந்த ஆள் எனக்கு முன்னமே பொய்யாகச் சொல்லி முடித்திருந்தார். கடைசியில் ஐஸ் பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரைக் காட்டினேன். "அது களவெடுத்த" என்றாள் நுஸ்ரா கம்பத்தில் இருந்தபடியே.

அப்போது ஆகச் சின்னப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் காதில் ரகசியம் சொன்னது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "இவரு இன்னும் விழல்லயே."

டொக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஜமால்."

"சேர்."

"விழு."

"எங்க சேர்?"

குடையால் களப்போரத்தைக் காட்டினார். கறுப்புச் சேறு. பிலோமினா அக்கா மீன் கழுவும் இடம் அதுதான். நான் என் காக்கிச் சட்டையைப் பார்த்தேன். ஹமீதா அன்று காலையில்தான் ஸ்திரிக்கை போட்டுத் தந்திருந்தாள். "சேர், இது டியூட்டிக்குள்ள வருமா?" என்று கேட்டேன். "வரும்" என்றார்.

போனேன். பள்ளிவாசலில் பாயில் உட்காருவதுபோல், சட்டையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. நுஸ்ரா தீர்ப்புச் சொன்னாள். "இது இருந்த. விழல்ல."

"ஓம் அண்ணே" என்றார் பிலோமினா அக்கா கருவாட்டுப் பந்தலில் இருந்து. "கால் ரெண்டும் மேல வரவேணும். நானும் பாக்கிறனான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உண்மையான கோபம். அரசாங்க ஊழியன், நாலு பிள்ளைக்கு வாப்பா, சேற்றில் உட்கார்ந்தும் பாஸ் இல்லையா? இனி ஏலாது என்று சொல்ல எழும்பி, வலையைத் தூக்கித் தோளில் வைத்து, ஒரு அடி எடுத்து வைத்தேன். காலுக்குக் கீழே மீன் குடல். பிறகு எனக்கு வானம் தெரிந்தது. அதில் என் இரண்டு சப்பாத்தும் தெரிந்தன. வலை சுற்றிவந்து என் தலையிலேயே விழுந்தது.

அந்தக் கரை அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், பிலோமினா அக்கா சிரித்தார், அழுதுகொண்டிருந்த உம்மாவும் சிரித்தாள். வலைக் கண்ணுக்குள்ளால் நான் டொக்டரைப் பார்த்தேன். அவருக்கும் பல் இருக்கிறது என்று அன்றுதான் கண்டேன்.

கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்துக்குக் கீழே இருந்து மஞ்சள் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் யாரும் மறிக்கவில்லை. வலைமாமா விழுந்துவிட்டார், இனி பயமில்லை. அது நேரே என்னிடம் வந்து, வலைக்கு மேலாலேயே என் முகம் முழுக்க நக்கியது. நான் அசையாமல் கிடந்தேன். டொக்டர் சேற்றில் முழங்காலில் இருந்து, "வாங்கோ பூந்தி, கனநேரம் மினக்கெடுத்த மாட்டன்" என்று கழுத்தில் கயிற்றைப் போட்டு, கண்ணையும் வாயையும் நிதானமாகப் பார்த்தார். கயிற்றைப் பிலோமினா அக்காவின் கையில் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எழும்புங்கோ ஜமால்" என்றார்.

எழும்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காலில் அடி ஒன்றும் இல்லை. நாய்களுக்குக் கிடைத்த மரியாதை எனக்கும் வந்துவிட்டதே என்று அப்படியே கிடந்தேன்.

நுஸ்ரா தானாகவே கம்பத்தை விட்டுவிட்டு முச்சக்கரவண்டியில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் தாதி அவளை விட்டுவிட்டு என்னைத்தான் கட்டிலில் படுக்கச் சொன்னார். பிள்ளைக்குக் கையில்தான் ஊசி போட்டார்கள். துடுப்பளவு ஊசியை எதிர்பார்த்திருந்தவள், "இவ்ளோதானா?" என்று கேட்டாள்.

வீட்டில் வேறு பிரச்சினை. முகத்தில் ஏற்கெனவே மண் இருக்கிறதே, அதை ஒரு தடவையாகக் கணக்கெடுக்கலாமா என்று ஹமீதாவிடம் கேட்டேன். அவள் மௌலவிக்குப் போன் எடுத்தாள். சேறு முந்தி, நாய் பிந்தி, ஆகவே அந்த மண் சேராது என்று பதில் வந்தது. மௌலவி அதைச் சொல்லி முடிக்க வெகு நேரம் எடுத்தார். இடையிடையே அவர் சிரித்தது எனக்கும் கேட்டது.

அடுத்த பதினான்கு நாளும் நான் அங்கே போனேன். நாய் சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, ஆட்களைத் தெரிகிறதா என்று பார்ப்பேன். கடித்தவர்களைப் பார்ப்பதுதான் சட்டம் என்று சொல்லி நுஸ்ராவையும் பார்ப்பேன். "சாப்பிட்டியா? தண்ணி குடிச்சியா? என்னத் தெரியுதா?" அவள் மிகப் பொறுப்பாக, "சாப்பிட்டன். குடிச்சன். வலைமாமா" என்பாள்.

ஏழாம் நாள் நாய் சாப்பிடவில்லை. முன்னங்காலில் தலையை வைத்துப் படுத்தே கிடந்தது. நுஸ்ராவும் சாப்பிடவில்லை என்று உம்மா சொன்னாள். "பூந்தி செத்துப்போவுமா மாமா?" என்று நுஸ்ரா கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. தெரியாது என்றேன். டொக்டரை வரவழைத்தேன். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நாய்க்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தார். பிறகு பிள்ளைகளிடம், "நேற்று இவருக்கு என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்டார். கலியாண வீட்டு வட்டிலப்பம். அரைச் சட்டி. தொலைக்காட்சியில் பூந்தி இனிப்புத்தானே தின்னும். அடுத்த நாள் காலையில் நாய் எழும்பி நின்று எல்லோரையும் பார்த்துக் குரைத்தது. வேலியோரம் கேட்ட கைதட்டலில் என் கையும் இருந்தது.

பதினான்காம் நாள் அதற்கு ஊசி போட்டுச் சிவப்புப் பட்டி கட்டினேன். நுஸ்ராதான் காதைப் பிடித்துக்கொண்டாள். "நோகாது பூந்தி" என்று சொன்னவள், என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "கொஞ்சம் நோகும்" என்று திருத்தினாள். அன்று அந்தக் குடியிருப்பில் பிள்ளைகளே நாய்களைக் கொண்டுவந்தார்கள். மருந்து முடிந்துவிட்டது.

இப்போது நான் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் பூந்தி புதிதாக வரத் தொடங்கியிருக்கிறது. பளபளப்பான பூந்தி, மயிரெல்லாம் காற்றில் அசைகிறது. முதல் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது அது வாயைத் திறந்து சிரித்தது. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். மேலே இரண்டு, கீழே இரண்டு. நான் கீறி அனுப்பியது போலவே. யாழ்ப்பாணத்தில் ஓய்வில் இருக்கும் டொக்டருக்கு உடனே போன் எடுத்தேன். "சேர், பூந்திக்குப் பல்லு வந்திட்டு!"

"எத்தினை?"

"நாலு."

"அப்ப ஊசி போட்டாச்சோ எண்டு கேளுங்கோ" என்றார்.

ஆனால் வலைமாமாவைக் காணவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு இயந்திரப் பெட்டி சக்கரத்தில் வருகிறது. அது விழுவதில்லை, பட்டரி தீர்ந்து நின்றுவிடுகிறது. இரண்டு கிழமை பார்த்தேன், அவர் வரவே இல்லை. இத்தனை வருடம் என்னைக் கெடுத்த மனிதர்தான். ஆனாலும் கவலையாக இருந்தது. ஹமீதாவிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

நேற்று நுஸ்ரா போன் எடுத்தாள். அவள் இப்போது அந்தக் குடியிருப்பிலேயே பாலர் பாடசாலை ஆசிரியை. பாடசாலைக்குப் பின்னால் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறதாம். ஊசி போட ஆட்கள் வந்தார்களாம். நல்ல பிள்ளைகள், நீலச் சட்டை, மீசை இல்லை. ஆனால் அவர்கள் வர முன்னம் தாயும் குட்டிகளும் மாயம். பாலர்கள் எங்கேயோ ஒளித்துவிட்டார்கள். எதைச் சொல்லியும் கேட்கவில்லையாம்.

"புதுப் படத்துல அந்த ஆளே இல்லியே. பொறகு என்ன பயம்?" என்று கேட்டேன்.

"பழைய பூந்திய நான்தான் மாமா போன்ல போட்டுக் காட்டின. உங்கட ஞாபகத்துக்கு." பிறகு ஒரே மூச்சில், "ஒருக்கா வந்து விழுந்து தர ஏலுமா?" என்று கேட்டாள்.

முழங்கால் வலி என்று சொன்னேன். சீனி வருத்தமும் இருக்கிறது என்று சொன்னேன். மெத்தை போட்டு அதற்கு மேலே சேறு போடலாம் என்றாள். எல்லாம் யோசித்துத்தான் போன் எடுத்திருக்கிறாள்.

"காலு ரெண்டும் மேல போகணுமா?" என்று கேட்டேன்.

"அது இல்லாட்டி புள்ளைகள் நம்ப மாட்டாங்க மாமா" என்றாள்.

நாளைக்குக் காலையில் போகிறேன். காக்கிச் சட்டையை ஹமீதா ஸ்திரிக்கை போட்டு வைத்திருக்கிறாள்.